சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏற: பெட்டி படுக்கையோடு சென்னையைக் கடந்த கதை

மார்கழிக் கச்சேரியும் பொங்கல் விடுமுறையும் நெருங்கினால் நம் வளாகத்தில் காலை ஐந்து மணிக்கே ஒரு சத்தம் கேட்கும். சிமெண்டுக் கற்கள் பதித்த பாதையில் சக்கரப் பெட்டி உருளும் கடகட சத்தம். யார் வீட்டுக்கோ விருந்தினர் வந்துவிட்டார் என்று படுத்தபடியே தெரிந்துகொள்வோம். அந்த விருந்தினரிடம் "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ரயிலில் வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். ஸ்டேஷனிலிருந்து இங்கே வந்து சேர்ந்த பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைப் பற்றித்தான் அரை மணி நேரம் சொல்வார்.

இது இன்றைய குறை அல்ல. சென்னை என்ற ஊர் தோன்றிய நாளிலிருந்தே, இங்கே வந்து சேர்வதைவிட வந்த பிறகு மூட்டை முடிச்சோடு ஊரைக் கடப்பதுதான் பெரிய வேலையாக இருந்திருக்கிறது. அது ஏன் அப்படி ஆயிற்று, அந்தச் சுமையை யார் யார் தூக்கினார்கள் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

கடலில் தொடங்கிய சுமை

ரயிலுக்கு முன்னால் சென்னைக்கு வெளிநாட்டுப் பயணி வந்தது கப்பலில். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி, ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணியும் பெட்டியும் மசூலா படகில் இறங்கி அலைகளைத் தாண்டி வரவேண்டும். மசூலா படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். பலர் சேர்ந்து துடுப்பு வலித்து, அலையோடு அலையாக வந்து, கரையில் மோதி நிற்பார்கள். பயணிகளைத் தோளில் தூக்கி மணலில் இறக்கி விடுவதும் உண்டு. யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்கிவிடக் கட்டுமரங்கள் பக்கத்திலேயே வரும்.

கரையில் துபாஷ் காத்திருப்பார். இரண்டு மொழி தெரிந்தவர் என்பது சொல்லுக்குப் பொருள். புதிதாக வந்தவருக்குத் தங்கும் இடம், பல்லக்கு, வேலையாள், செலவுக்குப் பணம் என்று எல்லா ஏற்பாட்டையும் அவரே செய்வார். இன்று விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையோடு நிற்கிறார்களே, அவர்களுக்கு மூத்தவர் துபாஷ் என்று வைத்துக்கொள்ளலாம்.

1860களில் கடலுக்குள் ஒரு இரும்புப் பாலம் கட்டினார்கள். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881இல் வந்த புயல் கட்டியதில் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்தது. மறுபடி கட்டி, துறைமுகம் ஒழுங்கான வடிவம் பெற 20ஆம் நூற்றாண்டு பிறந்துவிட்டது.

இரண்டு கம்பெனி, இரண்டு அகலம், இரண்டு ஸ்டேஷன்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ராயபுரம் கடற்கரைக்கும் வியாபாரிகளின் கிட்டங்கிகளுக்கும் பக்கம். ஊர் தெற்கிலும் மேற்கிலும் வளர்ந்தபோது அது ஒதுக்குப்புறமாகிவிட்டது. 1873இல் பார்க் டவுனில் சென்ட்ரல் எழுந்தது. இது மெட்ராஸ் ரயில்வேயின் ஸ்டேஷன். அகலப் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர்.

1870இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைப்பதற்காக ஒரு மீட்டர் அகலப் பாதையையும் ஏற்றுக்கொண்டது. தென் மாவட்டங்களுக்கு ரயில் விட்ட சவுத் இந்தியன் ரயில்வே மீட்டர் கேஜில் வளர்ந்தது. அந்தக் கம்பெனி தனக்கென்று 1908இல் திறந்த பெரிய ஸ்டேஷன்தான் எழும்பூர்.

இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் ஒன்றின் ரயில் மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓட முடியாது. டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர், மலபார் என்றால் சென்ட்ரல். விழுப்புரம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலி, ராமேஸ்வரம் என்றால் எழும்பூர். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "முதன்முதலில் சென்னையில் எங்கே இறங்கினீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலிலேயே அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் அதிகம் அலைந்தவர் யார்? உள்ளூர்க்காரர் அல்ல. வடக்கிலிருந்து தெற்கே போகும் யாத்ரீகர்தான். காசியில் எடுத்த கங்கை நீரை ராமேஸ்வரத்தில் அபிஷேகத்துக்குக் கொடுக்கவேண்டும். ராமேஸ்வரத்து மணலைத் திருப்பி எடுத்துப்போகவேண்டும். செம்பில் அடைத்த கங்கை நீர், டிரங்குப் பெட்டி, ஹோல்டாலில் சுற்றிய படுக்கை, சமையல் பாத்திரம் எல்லாவற்றோடும் அவர் சென்ட்ரலில் இறங்குவார். பாஷை தெரியாது. அடுத்த ரயில் எழும்பூரில், இரவில். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று இலங்கைப் பயணிகளும் இதே வழியில் சேர்ந்துகொண்டார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அந்த வழி இருந்தது.

டிக்கெட் வாங்கியவருக்கு ராமேஸ்வரம் வரை வழி உண்டு என்று கால அட்டவணை சொல்லும். நடுவில் இருக்கும் அந்த இரண்டு கிலோமீட்டரை அட்டவணை போட்டவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் வாசலோடு தன் பொறுப்பை முடித்துக்கொண்டது. மிச்சத்தை மனிதர்கள் தலையில் சுமந்தார்கள்.

தலையும் தோளும்

முதலில் போர்ட்டர். சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை, தலையில் துண்டைச் சுருட்டி வைத்த சும்மாடு. "கூலி" என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் அவரை அழைத்தார்களே, அந்தச் சொல் நம் தமிழ்க் கூலியிலிருந்து போனது என்பது ஒரு கருத்து. குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது இன்னொரு கருத்து. 2016 ரயில்வே பட்ஜெட்டில்தான் அந்தப் பெயரை மாற்றி "சகாயக்" என்று அழைக்கப்போவதாக அறிவித்தார்கள். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 2008 பட்ஜெட்டில், போர்ட்டர்களை ரயில்வேயில் பாதைப் பணியாளர்களாகச் சேர்க்கும் அறிவிப்பு வந்தது. பலர் அந்த வேலைக்குப் போனார்கள். பிளாட்பாரத்தில் சிவப்புச் சட்டை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் ஜட்கா வண்டியும் கை ரிக்‌ஷாவும் நிற்கும். ஜட்காவில் பெட்டியை வைத்து, மேலே வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஆட்கள் குந்தி உட்கார்ந்து போனதைப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரிக்‌ஷா ஜப்பானில் 1869 வாக்கில் தோன்றியது. "ஜின்ரிகிஷா" என்ற அந்த மொழிச் சொல்லுக்கு மனித பலத்தால் ஓடும் வண்டி என்று பொருள். சென்னையில் அதை இழுத்தவர் வெறுங்காலோடு, உச்சி வெயிலில், இரண்டு பேரையும் இரண்டு பெட்டியையும் சேர்த்து இழுத்தார். 1973இல் மு. கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியது. மனிதனை மனிதன் இழுப்பது சரியா என்ற கேள்விக்கு அன்று ஒரு விடை கிடைத்தது. பெட்டியைத் தலையில் தூக்கியவர் பற்றி யாரும் அதே அளவு கேட்கவில்லை.

டிராம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, 1953இல் நின்றது. ஆனால் டிராம் கைவீசி வருகிறவருக்கான வண்டி. டிரங்குப் பெட்டியும் ஹோல்டாலும் வைத்திருப்பவருக்கு ஆபீஸ் நேர டிராமில் என்ன இடம் கிடைக்கும்?

சுமையை இறக்கி வைக்க ஒரு இடம்

தூக்குவது பாதிக் கஷ்டம். இரண்டு ரயிலுக்கும் நடுவில் எட்டு மணி நேரம் இருந்தால் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பது மீதிப் பாதி.

நம் ஊர்ப் பழைய சாலைகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. இரண்டு கல் தூண்களை நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைக் கிடத்தி வைப்பார்கள். சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்பவர், யாருடைய கையும் எதிர்பார்க்காமல், நின்றபடியே சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். மறுபடி கிளம்பும்போதும் குனிந்து தூக்கவேண்டாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிறவர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்.

சென்னையில் அந்த வேலையைச் சத்திரங்களும் ஸ்டேஷன் கிளோக் ரூமும் செய்தன. சென்ட்ரலுக்கு அருகில் சர் சவலை ராமசாமி முதலியார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சத்திரம் வெளியூர்ப் பயணிகளுக்காகவே எழுந்தது. பெட்டியைக் கிளோக் ரூமில் போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டவர்கள் ஊர் பார்க்கப் போனார்கள். ஒரு பக்கம் மூர் மார்க்கெட். அதை ஒட்டி மிருகக்காட்சி சாலை. அதற்கு "உயிர் காலேஜ்" என்று பெயர். எழும்பூர்ப் பக்கம் மியூசியம். அது "செத்த காலேஜ்". காலையில் சென்ட்ரலில் இறங்கி, உயிர் காலேஜும் செத்த காலேஜும் பார்த்துவிட்டு, ராத்திரி எழும்பூரில் ரயில் ஏறுவது அந்தக் காலத்து ஒரு நாள் சுற்றுலா. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலை வண்டலூரில் புது இடத்தில் திறந்தது. சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் நடுவில் ஒரு பகலைக் கழிக்கும் காரணம் பாதியாகக் குறைந்துவிட்டது.

சக்கரம் வந்தது, படிக்கட்டு போகவில்லை

அமெரிக்காவில் பெட்டி வியாபாரத்தில் இருந்த பெர்னார்ட் சாடோ என்பவர் 1970இல் சூட்கேஸில் நான்கு சக்கரம் வைத்து, வார் கட்டி இழுத்துப் பார்த்தார். 1972இல் காப்புரிமை கிடைத்தது. 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். இன்று நம் வளாகத்தில் கடகடக்கும் பெட்டி அதன் வாரிசுதான். மனிதன் நிலவில் கால் வைத்த பிறகுதான் சூட்கேஸுக்குச் சக்கரம் வைத்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வருடக் கணக்குப்படி அது சரிதான்.

சக்கரம் நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அது ஒன்றைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டது. முன்பு சுமை போர்ட்டரின் தலையில் இருந்தது. இப்போது உங்கள் கையில். போர்ட்டர் படிக்கட்டு ஏறுவார், சக்கரம் ஏறாது. ஓரடி உயர நடைபாதை விளிம்பு, ஒரு சுரங்கப்பாதை, ஒரு நடை மேம்பாலம் வந்தால் போதும், இருபது கிலோ பெட்டியை எழுபது வயதுக்காரர் தூக்கவேண்டியதுதான்.

சென்ட்ரலும் எழும்பூரும் இதற்குச் சரியான உதாரணம். 1931இலேயே கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் வந்துவிட்டது. சென்ட்ரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷன். அடுத்த நிறுத்தம் எழும்பூர். வரைபடத்தில் பார்த்தால் பிரச்சினை அன்றே தீர்ந்தது. தரையில் பார்த்தால், பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடக்கவேண்டும், படி இறங்கி ஏறவேண்டும், கூட்ட ரயிலில் அரை நிமிடத்தில் பெட்டியோடு ஏறவேண்டும். பெட்டி வைத்திருந்தவர் பேரம் பேசி ரிக்‌ஷாவில் போனார். பிறகு ஆட்டோவில் போனார். மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004இல் முடிந்து எல்லாம் அகலப் பாதையான பிறகும் இந்த நிலைமை மாறவில்லை. தண்டவாளத்தின் அகலம் ஒன்றானது. இரண்டு வாசலுக்கும் நடுவில் இருந்த படிகள் அப்படியே இருந்தன.

2018 மே 25 அன்று நேரு பூங்காவிலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோ நீண்டது. எழும்பூரும் சென்ட்ரலும் அடுத்தடுத்த நிறுத்தங்களாயின. எழும்பூர் ஸ்டேஷன் திறந்து 110 ஆண்டுகளுக்குப் பிறகு, பெட்டியைத் தூக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக லிஃப்டும் எஸ்கலேட்டரும் கிடைத்தன. 2019 பிப்ரவரியில் விமான நிலையத்திலிருந்து அண்ணா சாலை வழியாகச் சென்ட்ரலுக்கு நேர் ரயிலும் வந்தது.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

லண்டனிலும் இதே கதைதான். நடு ஊருக்குள் ரயில் பாதை வேண்டாம் என்று 1846இல் ஒரு ஆணையம் சொன்னதால், ஒவ்வொரு கம்பெனியும் ஊரின் விளிம்பில் ஸ்டேஷன் கட்டியது. பயணிகள் குதிரை வண்டியில் பெட்டியோடு தெருவை அடைத்தார்கள். ஆகவே 1863இல் பாடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் பகுதிகளைத் தொட்டுப்போகும் உலகின் முதல் சுரங்க ரயிலைத் திறந்தார்கள்.

ஜப்பான் வேறு மாதிரி யோசித்தது. ஆள் ஒரு வழி, பெட்டி ஒரு வழி என்று பிரித்துவிட்டது. 1976இல் யமாட்டோ நிறுவனம் வீட்டுக்கு வீடு பார்சல் சேவையைத் தொடங்கியது. முதல் நாள் வந்தவை 11 பார்சல்கள். இன்று டோக்கியோவில் சுற்றுலாப் பயணி ஓட்டல் வரவேற்பறையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ரயில் ஏறுகிறார். மறுநாள் கியோட்டோ ஓட்டலில் பெட்டி காத்திருக்கும்.

ஒன்று ஸ்டேஷன்களைச் சேர்த்த வழி, மற்றொன்று பெட்டியைப் பிரித்த வழி. நாம் நீண்ட காலம் மூன்றாவது வழியில் இருந்தோம். மலிவாகக் கிடைத்த மனித உழைப்பு இருந்ததால், ஊரைச் சரிசெய்யும் அவசரம் யாருக்கும் வரவில்லை. அந்த உழைப்பு குறைந்த பிறகுதான் படிக்கட்டுகள் நம் கண்ணில் பட்டன.

இப்போது நாம்

ஊர் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பாரிமுனையில் இருந்த வெளியூர்ப் பேருந்துகள் 2002 நவம்பரில் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பர் 30இல் வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கம் முனையம் திறந்தது. தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. பேருந்து நெரிசல் ஊருக்குள் குறைந்தது. அதே சமயம், மதுரையிலிருந்து பேருந்தில் வரும் உங்கள் அத்தைக்குப் பெட்டியோடு கடக்கவேண்டிய தூரம் கூடியது. நூறு வருடத்துக்கு முந்தைய அந்த இரண்டு கிலோமீட்டர் பிரச்சினை, வேறு இடத்தில், வேறு அளவில் திரும்ப வந்திருக்கிறது.

ஆகவே விருந்தினருக்கு ரயில் நேரத்தை மட்டும் கேட்காதீர்கள். வரும் முன்பே சில விஷயங்களைச் சொல்லி வையுங்கள். சென்ட்ரல், எழும்பூர் இரண்டிலும் மெட்ரோவுக்கு லிஃப்ட் எந்தப் பக்கம் என்று இறங்கியதும் கேட்கச் சொல்லுங்கள். அருகில் தெரியும் படிக்கட்டை நம்பவேண்டாம். இரண்டு ரயிலுக்கு நடுவில் நேரம் இருந்தால் கிளோக் ரூமில் வைக்கலாம். பெட்டிக்குப் பூட்டு அவசியம். ரயிலில் இலவசமாக எடுத்துவரும் அளவு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ. ஆனால் மெட்ரோவுக்கு எடை வரம்பு தனி, அது குறைவு. ரயிலில் சரியாக இருந்த மூட்டை மெட்ரோவில் சரியாக இருக்காது. ஒரே பெரிய பெட்டியைவிட இரண்டு சிறிய பெட்டிகள் ஊருக்குள் உதவும். போர்ட்டரை அழைத்தால், கட்டணப் பலகையைப் பார்த்துவிட்டு, பேசியதைக் கொடுங்கள். இன்றும் படி ஏறுவது அவர்தான்.

கடைசியாக நம் வாசல். சென்ட்ரல், எழும்பூர் எல்லாம் நம் கையில் இல்லை. நம் கேட்டிலிருந்து லிஃப்ட் வரை உள்ள தூரம் நம் கையில் இருக்கிறது. டாக்ஸி கேட்டுக்கு வெளியே நிற்கிறது. அங்கிருந்து கற்பாதை, பிளாக் வாசலில் மூன்று படிகள், அதற்குப் பிறகுதான் லிஃப்ட். ஒவ்வொரு கம்பெனியும் தன் வாசலோடு பொறுப்பை முடித்துக்கொண்டது என்று மேலே படித்தீர்களே, நாமும் அதையேதான் செய்கிறோம். படிகளின் ஓரத்தில் ஒரு சாய்தளம், செக்யூரிட்டி அறையில் ஒரு டிராலி, கேட்டருகே பெட்டியை வைத்து உட்கார ஒரு கல் பெஞ்சு. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. விருந்தினருக்கு மட்டுமல்ல, சக்கர நாற்காலிக்கும், குழந்தை வண்டிக்கும், அரிசி மூட்டையோடு வரும் கடைப் பையனுக்கும் அது உதவும். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துவைக்க எண்ணுகிறவர்கள் செயலாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஹோல்டாலோ, பெயர் எழுதிய டிரங்குப் பெட்டியோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அது எந்த ஸ்டேஷனில் இறங்கி, யார் தலையில் ஏறி, எப்படி வீடு வந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு நான்கு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.